எண்ணி வாங்குகிறவர்கள், எண்ணிக்கை சொல்வதில்லை

வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் இயங்கும் மருந்து ஆய்வுப் பிரிவைப் பற்றியது இந்த மதிப்புரை. இரத்த அழுத்த மாத்திரை ஒன்றைச் சோதிக்கும் ஆய்வில் சேர்ந்து, கடைசி வரை இருந்து வெளியே வந்தவன் நான். மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. குறைகளை எழுத்திலேயே அவர்களிடம் கொடுத்துவிட்டேன், அது போதும். ஓட்டலுக்கும் மிக்சிக்கும் பக்கம் பக்கமாக மதிப்புரை எழுதுகிறார்கள். உடம்பையே கொடுத்துவிட்டு வருகிற இடத்தைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணுவது வேலை. கப்பல் தரப்பில் ஒருவர் கணக்கு எழுதுவார், கரையில் நான் எழுதுவேன், ஷிப்டு முடிவில் இரண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. ஒரு மூட்டை குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பழக்கம் விடவில்லை. டாக்டர் சிரித்துப் பேசினாரா, காத்திருக்கும் இடத்தில் ஏ.சி. ஓடுகிறதா என்பதை எல்லாம் வேறு யாராவது எழுதட்டும். எப்படி அளக்கிறார்கள், எப்படி எழுதி வைக்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்த்தேன்.

முதலில் பிரஷர் பார்க்கும் விதம். எங்கள் தெருமுனை கிளினிக்கில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். படியேறி மூச்சு வாங்க உட்கார்ந்த உடனே, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, "சாப்பாடெல்லாம் எப்படி?" என்று கேட்டுக்கொண்டே பம்ப் அடிப்பார்கள். அங்கே எனக்கு 168க்கு 98 என்று சீட்டில் எழுதினார்கள். ஆய்வுப் பிரிவில் நடந்தது வேறு. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னார்கள். அரை மணி நேரத்துக்குள் காபி குடித்தீர்களா, பீடி சிகரெட் உண்டா என்று கேட்டார்கள். முதுகு சாயும்படியான நாற்காலி, பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் போடக்கூடாது. கையின் சுற்றளவை டேப்பால் அளந்து, அதற்கேற்ற பட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். சட்டைக் கையைக் கழற்றி, முழங்கையை நெஞ்சு மட்டத்துக்கு மேசையில் வைத்து, ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் உட்காரச் சொன்னார்கள். பிறகு ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை அளந்தார்கள். முதல் அளவை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எடுத்தார்கள். 154க்கு 92 வந்தது. அதே கை, அதே வாரம். எனக்கு நோய் இல்லை என்று ஆகிவிடவில்லை, இருக்கத்தான் செய்தது. ஆனால் பதினான்கு புள்ளி எங்கே போயிற்று என்று யோசித்துப் பாருங்கள். பேசினால் ஏறும், கால்மேல் கால் போட்டால் ஏறும், துணிமேல் கட்டினால் அளவு கெடும், பட்டை சின்னதாக இருந்தால் கூடக் காட்டும். இத்தனையையும் சேர்த்து அளந்துவிட்டு அதற்கும் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள்.

அளக்க வரும் நாளில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரக்கூடாது, அளந்த பிறகு அங்கேயே போட வேண்டும். முந்தைய நாள் போட்ட மாத்திரை முழு நாள் தாங்குகிறதா என்று அப்போதுதான் தெரியும். நாள்தோறும் ஒரே வேளையில் போடச் சொல்வதன் பொருளே எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இத்தனை வருடம் யாரும் சொன்னதில்லை.

சேர்வதற்கு முன் தரும் தகவல் தாள் தடியானது. தமிழில்தான் இருக்கிறது, ஆனால் வீட்டில் உட்கார்ந்து படித்தால் தூக்கம் வரும். அதை வீட்டுக்கு எடுத்துப் போக விடுகிறார்களா என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இங்கே விட்டார்கள். "ஐயா, வீட்டில் எல்லோரிடமும் காட்டிப் பேசிவிட்டு வாருங்கள், இன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டாம்" என்று ஆய்வு வேலைகளை ஒருங்கிணைக்கும் கோஆர்டினேட்டர் பெண் சொன்னார். முழு மதிப்பெண் இதற்கு. உடனே போடச் சொல்லி யாராவது பேனாவை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். கையெழுத்துப் போட்ட தாளின் ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், அந்த ஆய்வில் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக உடன் இருந்து முழுவதையும் கேட்க வேண்டும். எனக்கு முன்னால் வந்த காசிமேட்டு அம்மாள் ஒருவருக்கு அப்படித்தான் செய்தார்கள். வரி வரியாகப் படித்துக் காட்டி, புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். அந்த அம்மாள், "நடுவில் பிடிக்காவிட்டால் நின்றுவிடலாம், அதற்காக வைத்தியத்தை நிறுத்தமாட்டீர்கள், அவ்வளவுதானே?" என்றார். படித்தவன் நான் இரண்டு இரவு எடுத்துக்கொண்டதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

தாளில் மூன்று இடங்களை விரலை வைத்துப் படியுங்கள். ஒன்று, ஆய்வினால் உடம்புக்குக் கேடு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் தருவது. 2019இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. இரண்டு, ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண். அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர், அவர்களில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்கள், சட்டம் தெரிந்தவர் ஒருவர், நம்மைப் போன்ற பொதுமனிதர் ஒருவர் இருந்தாக வேண்டும். மூன்று, சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் பதிவு எண். இந்திய மருந்து ஆய்வுகளுக்கான இந்தப் பொதுப் பதிவேடு 2007இல் வந்தது, 2009 முதல் பதிவு செய்யாமல் மருந்து ஆய்வு நடத்தக்கூடாது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். என் பேத்தி கைபேசியில் எண்ணைத் தட்டினாள். எத்தனை ஊரில் நடக்கிறது, யார் பணம் போடுகிறார்கள், எதை அளந்து வெற்றி தோல்வி சொல்லப்போகிறார்கள் என்று எல்லாம் வந்தது. எந்த அளவை வைத்து முடிவு சொல்வோம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகிறார்கள். பின்னால் கணக்கை வளைக்க முடியாது. பார்த்ததும் எனக்கு அந்த ஆட்கள்மேல் ஒரு மரியாதை வந்தது.

எந்த மாத்திரை யாருக்கு என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடுகிறது. சோதிக்கும் மாத்திரையும் அதோடு ஒப்பிடும் மாத்திரையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் அவரே அறியாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார் என்பதால் இந்த ஏற்பாடு.

என்னோடு வந்த என் மைத்துனரைச் சேர்க்கவில்லை. முதற்கட்டப் பரிசோதனையில் ஈ.சி.ஜி., சர்க்கரை, உப்புச்சத்து, சிறுநீரில் புரதம் எல்லாம் பார்த்தார்கள். அவருக்குச் சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் அதிகம், சிறுநீரில் புரதமும் இறங்கியிருந்தது. "எங்கள் ஆய்வுக்கு நீங்கள் பொருந்தமாட்டீர்கள்" என்று சொன்னதும் அவருக்குக் கோபம். வேலைக்கு எடுக்கவில்லை என்பதுபோல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் விட்டுவிடாமல், முடிவுகளின் பிரதியையும் ஒரு கடிதத்தையும் கையில் கொடுத்து, சிறுநீரக மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். ஸ்டான்லிக்குப் போனார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லிப் பழகிய இடம். இப்போது அங்கேதான் தொடர்ந்து பார்க்கிறார். சிறுநீரகம் கெடுவதற்கு வலி கிடையாது, வீக்கம் வரும்வரை ஆளுக்கே தெரியாது. ஆய்வில் சேர்ந்த என்னைவிட, சேராத அவருக்குத்தான் லாபம் அதிகம் என்று என் மனைவி சொல்கிறாள். மறுக்க முடியவில்லை.

ஒரு முழு நாள் பிரஷர் பார்க்கும் கருவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இடுப்பில் பெல்ட்டோடு ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து குழாய் சட்டைக்குள் ஏறிக் கைப்பட்டைக்குப் போகும். பகலில் அரை மணிக்கு ஒரு முறை தானாகவே காற்றடைத்துக் கையை நெரிக்கும், இரவில் அதைவிடச் சற்று இடைவெளி விட்டு. நெரிக்கும்போது கையை அசைக்கக்கூடாது. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவரின் காதருகே அது உறுமத் தொடங்க, அவர் தன் பையை இழுத்து அணைத்துக்கொண்டார். மீன் கடையில் சில்லறை வாங்க நீட்டிய கையை அப்படியே நிறுத்தி நான் சிலையாக நிற்க, கடைக்காரம்மாள், "என்ன ஐயா, மயக்கமா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். எப்போது படுத்தேன், எப்போது எழுந்தேன், எப்போது மாத்திரை போட்டேன் என்று ஒரு தாளில் எழுத வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் வீட்டுப்பக்கம், ஹாரன் சத்தத்துக்குப் பழகிய காது எனக்கு. அன்றிரவு லாரியைவிட இந்தப் பெட்டிதான் எழுப்பியது. மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

ஆனால் வந்த கணக்கு அருமையானது. டாக்டரைக் கண்டால் மட்டும் பிரஷர் ஏறுகிற ஆட்கள் உண்டு, அவர்களை இது காட்டிக்கொடுத்துவிடும். கிளினிக்கில் நன்றாக இருந்து வீட்டில் ஏறுகிறவர்களையும் பிடித்துவிடும், அவர்களுக்குத்தான் ஆபத்து. தூக்கத்தில் பகலைவிடப் பத்து முதல் இருபது சதவீதம் வரை இறங்க வேண்டுமாம். இறங்காதவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் பயம் கூடுதல். கிளினிக்கில் 140க்கு 90 என்று கோடு போடுகிறார்கள் அல்லவா, இருபத்து நான்கு மணி நேரச் சராசரிக்கு அந்தக் கோடு 130க்கு 80. என் அளவுகளை ஒரு வரைபடமாகக் காட்டினார்கள். பெட்டி எழுப்பி எழுப்பித் தூங்கவிடாத இரவிலும் எனக்கு இறங்கியிருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

இனி மாத்திரை எண்ணும் படலம். இது என் இலாகா. ஒவ்வொரு முறை போகும்போதும் மீதி மாத்திரையோடு காலி அட்டையையும் கொண்டுபோக வேண்டும். கோஆர்டினேட்டர் மேசையில் பரப்பி, வெறும் குழியைத் தனியாக, மாத்திரை உள்ள குழியைத் தனியாக எண்ணுவார். கொடுத்தது இத்தனை, போக வேண்டியது இத்தனை, திரும்பியது இத்தனை. இரண்டாவது ஆள் ஒருவர் வந்து மறுபடி எண்ணிக் கையெழுத்துப் போடுவார். எனக்கு அப்படியே பழைய துறைமுக மேடையில் நிற்பதுபோல் இருந்தது.

ஒரு நாள் காத்திருக்கும் இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் அட்டையிலிருந்து மாத்திரைகளைக் கட்டைவிரலால் அழுத்தி வெளியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். கணக்குச் சரியாக வர வேண்டுமாம், இல்லாவிட்டால் அந்தப் பெண் வருத்தப்படுவாளாம். நான் சும்மா இருக்கவில்லை. "மாத்திரை போடாமலே போட்டதாகக் காட்டினால், வேலை செய்யாத மருந்து என்று அதன் தலையில் பழி விழும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உள்ளே போனபோது கோஆர்டினேட்டரிடம் பொதுவாகக் கேட்டேன். "விட்டுப்போனது என்று சொல்கிறவர்கள்தான் எங்களுக்கு வேண்டும் ஐயா. மாத்திரையை நிறுத்திவிட்டவர்களைக்கூட, சீட்டில் எந்தப் பக்கம் விழுந்தார்களோ அந்தப் பக்கத்திலேயே வைத்துத்தான் கணக்குப் பார்ப்போம்" என்றார். போடாதவனையும் சேர்த்து எண்ணுவது முதலில் அபத்தமாகப் பட்டது. யோசித்தால் நியாயம். ஊரில் மாத்திரை கொடுத்தாலும் பாதிப் பேர் இப்படித்தானே போடுவார்கள்? அந்த ஊருக்கு மருந்து எப்படி உதவும் என்பதுதானே கேள்வி.

மாத்திரை எண்ணுவதற்குச் சென்னையில் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது. 1956இல் இங்கே காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து நடத்தியது. காசநோய் என்றால் சானடோரியம் என்ற தனி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் பாலும் முட்டையும் கொடுத்தால்தான் பிழைப்பான் என்று உலகமே நம்பிய காலம். 193 நோயாளிகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில், மற்றவர்கள் தங்கள் நெரிசலான வீடுகளிலேயே. இரு சாராருக்கும் ஐசோனியசிட், பாஸ் என்ற அதே மருந்துகள், ஒரு வருடம். 1959இல் வெளிவந்த முடிவு, குணமானதில் பெரிய வித்தியாசமில்லை என்று சொன்னது. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றியதா என்று ஐந்து வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அதுவும் இல்லை. மருந்தை ஒழுங்காகப் போட்டால் போதும், படுக்கை வேண்டாம் என்று உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியம் மாறியது அந்தக் கணக்கினால்தான். ஒழுங்காகப் போடுகிறார்களா என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மையத்தின் இன்றைய பெயர். குறுகலான வீடுகளில் இருந்த ஏழைகள் தங்கள் உடம்பைக் கொடுத்து உலகத்துக்குச் சொன்ன பதில் அது. வடசென்னைக்காரனாக எனக்கு இதைச் சொல்லிக்கொள்வதில் கூச்சமில்லை.

பக்க விளைவைப் பார்க்கும் முறையும் நன்று. நடுவில் எனக்குக் கணுக்கால் வீங்கியது. சாயங்காலம் செருப்புப் பட்டி இறுக்கும், காலையில் வடிந்துவிடும். சொன்ன அன்றே வரச் சொன்னார்கள். டாக்டர் கணுக்காலுக்கு மேல் எலும்பின்மீது கட்டைவிரலை அழுத்தி வைத்து, எடுத்து, குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தார். அம்லோடிபின் வகை மாத்திரையில் இது வரக்கூடியதுதான் என்று சொல்லி, இதயமும் சிறுநீரகமும் காரணமில்லை என்று இரத்தம் எடுத்து உறுதி செய்துகொண்டார். தொடங்கிய தேதி, முடிந்த தேதி, கடுமை எவ்வளவு, மருந்தோடு தொடர்பு உண்டா என்று எல்லாம் எழுதினார்கள். தெரு நாய் கடித்து ஊசி போட்டுக்கொண்டதைச் சொன்னபோது அதையும் எழுதினார்கள். நாய்க்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தேன். சம்பந்தமா இல்லையா என்பதை எழுதுகிறவர் முடிவு செய்யக்கூடாது, எல்லாவற்றையும் எழுதிவிட்டுப் பிறகு பார்க்க வேண்டும் என்றார்கள். டாலி கிளார்க்குக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. யாராவது ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மேலே அறிக்கை போயாக வேண்டும் என்பதும் விதி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எனக்குப் போக வேண்டிய நாள் தப்பியது. தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வந்த அந்த மோசமான நாட்கள். கைபேசிக்கு உயிர் வந்ததும் முதலில் வந்த அழைப்புகளில் ஒன்று அவர்களுடையது. "மாத்திரை நனையாமல் இருக்கிறதா? கையில் எத்தனை மீதி?" என்று கேட்டார்கள். இப்படித் தாமதமாகும் என்று கணக்குப் போட்டுக் கூடுதலாகச் சில நாள் மாத்திரை முன்பே கொடுத்திருந்தார்கள். அரசு ஊழியரும் கட்சிக்காரரும் எட்டிப் பார்ப்பதற்கு முன் ஒருவர் என் மாத்திரையை விசாரித்தார்.

இவ்வளவு நல்லது சொல்லியாயிற்று, இனிக் குறைகள். பயணப்படி தருவதாகத் தாளில் இருக்கிறது, தருகிறார்கள், ஆனால் வங்கிக் கணக்கில் ஏற மாதக்கணக்கில் ஆகிறது. ஆட்டோவுக்குக் கடன் வாங்கி வருகிறவருக்கு அது சரிப்படாது, கையில் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வருகிற சர்க்கரைக்காரர்களைக் காலை பத்து மணிவரை உட்கார வைப்பது அநியாயம். கழிப்பறை ஒரு மாடி கீழே. சிறுநீர் கழித்துவிட்டு வா, பிறகு ஓய்வாக உட்கார் என்று சொல்லிவிட்டு, ஒரு மாடி ஏறி வரவைத்தால் எங்கே ஓய்வு? நடுவில் கோஆர்டினேட்டர் மாறினார். புதியவர் நல்லவர்தான், ஆனால் என் கால் வீங்கிய கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இவ்வளவு எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வதில்லை.

பெரிய குறை கடைசியில் வந்தது. ஆய்வு முடிந்தது. என் பிரஷர் 128க்கு 78. கையைக் குலுக்கி, வழக்கமாகப் பார்க்கிற டாக்டருக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். நான் போட்டது எந்த மாத்திரை என்று அதில் இல்லை. எல்லா ஊர்க் கணக்கும் முடிந்த பிறகுதான் யாருக்கு எது என்ற ரகசியத்தை உடைத்துப் பார்ப்பார்கள், அதுவரை பொறுக்க வேண்டும் என்பது நியாயம். ஆனால் அந்த மாத்திரை இனிக் கிடைக்காது, கடையில் உள்ள வேறொன்றுக்கு மாற வேண்டும். ஆய்வு முடிந்த பின்னும் இலவசமாக மருந்து தருவது வேறு வைத்தியம் இல்லாத நோய்களுக்குத்தான். பிரஷருக்குக் கடை நிறைய மாத்திரை இருக்கிறதே. சரி, அதையும் ஒப்புக்கொள்கிறேன். மாறிய பிறகு ஒரு மாதம் பிரஷர் ஆடியது, அப்போது யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஆய்வு நடந்தவரை நாய்க்கடியைக்கூட எழுதியவர்கள் அவர்கள்.

ஆய்வின் முடிவு என்ன ஆயிற்று? பலமுறை போன் செய்தேன். "பத்திரிகையில் வரும் ஐயா" என்கிறார்கள். எந்தப் பத்திரிகை, எந்த மொழியில்? மருந்து ஆய்வுகளுக்கெல்லாம் அடிப்படையாக வைத்துப் பேசுகிற ஹெல்சிங்கி பிரகடனத்தில், கலந்துகொண்டவர்கள் விரும்பினால் முடிவைத் தெரிந்துகொள்ள வாய்ப்புத் தரப்பட வேண்டும் என்று இருக்கிறது. என் கையெழுத்துத் தாளிலும் அப்படி ஒரு வரி இருந்தது. என்னிடமிருந்து ஒவ்வொரு மாத்திரையையும் எண்ணி வாங்கினீர்கள், மொத்தக் கூட்டலை எனக்குச் சொல்வதில் என்ன கஷ்டம்? கரைக் கணக்கு எழுதியவனுக்குக் கப்பல் கணக்கைக் காட்டாமல் கையெழுத்து வாங்கிய கதை எந்தத் துறைமுகத்திலும் இல்லை. நெறிமுறைக் குழுவுக்கு ஒரு பக்கம் எழுதித் தபாலில் போட்டிருக்கிறேன், ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டது.

மறுபடி வேறொரு ஆய்வுக்கு ஆள் எடுத்தால் போவாயா என்று மைத்துனர் கேட்டார். போவேன். முடிவை எந்த மாதம், யார் சொல்வார்கள் என்று கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்கிக்கொண்டு போவேன்.

போகிறவர்களுக்கு: மெட்ரோவில் போனால் வண்ணாரப்பேட்டையில் இறங்கி நடந்துவிடலாம், வண்டியில் போனால் எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடைகள் திறப்பதற்குள் தாண்டிவிடுங்கள். இரத்தம் எடுத்த பின் இரண்டு பிஸ்கட்டும் சர்க்கரை போடாத டீயும் தருகிறார்கள், பசிக்கு அது காணாது, வீட்டிலிருந்து இட்லி கட்டிக்கொண்டு போங்கள். முழுக்கை சட்டை வேண்டாம். காலி அட்டைகளைக் குப்பையில் போடாதீர்கள், அவையும் எண்ணிக்கையில் சேர்த்தி.